பழி கடைசியில் எங்கே போய் நிற்கிறது? – சில ஆங்கிலச் சொற்றொடர்களின் கதை

ஒரு கிரிக்கெட் அணி தோற்றுவிட்டால் மறுநாள் ஆங்கிலப் பத்திரிகையில் "கேப்டனை ஸ்கேப்கோட் ஆக்கிவிட்டார்கள்" என்று எழுதுவார்கள். அலுவலகத்தில் ஒரு வேலை கெட்டுப்போனால் "எல்லாரும் பக்கை பாஸ் பண்ணுகிறார்கள்" என்று மேலாளர் எரிச்சல்படுவார். இரவு தாமதமாக வீட்டுக்கு வந்த பையனுக்கு அப்பா "ரயட் ஆக்ட் வாசித்தார்" என்று ஆங்கிலக் கதைகளில் வரும். அமைச்சர் ஒருவர் மாட்டிக்கொண்டால் "மிஸ்டேக்ஸ் வேர் மேட்" என்று மென்மையாகச் சொல்லிவிட்டுப் போவார்.

குறை சொல்வதற்கும், திட்டுவதற்கும், வந்த பழியை ஏற்பதற்கும், அதை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவதற்கும் ஆங்கிலத்தில் இப்படி எத்தனையோ சொற்றொடர்கள் உண்டு. தினமும் பயன்படுத்துகிறவர்களில் பலருக்கு இவற்றின் பின்னால் இருக்கும் கதை தெரியாது. ஒரு ஆடு, ஒரு இளவரசன், ஒரு கொடுமையான சட்டம், ஒரு அழுகிய முட்டை, ஒரு சீட்டாட்ட மேசை, ஒரு சின்ன மரப்பலகை என்று கதைகள் விரிகின்றன. இவற்றைக் கால வரிசையில் பார்க்க வேண்டியதில்லை. "தப்பு செய்தது யார்? பழியைச் சுமந்தது யார்?" என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் போதும். இந்த இரண்டுக்கும் ஒரே பதில் வருவது எவ்வளவு அபூர்வம் என்பது புரிந்துவிடும்.

தப்பித்துப் போன ஆடு

முதலில் 'ஸ்கேப்கோட்'. தமிழில் இதற்கு 'பலிகடா' என்று எழுதுகிறோம். ஆனால் மூலக் கதையில் இந்த ஆடு பலியாவதில்லை!

பைபிளின் பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில் இந்தச் சடங்கு வருகிறது. யூதர்களின் பாவநிவாரண நாளில் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களைக் கொண்டுவந்து சீட்டுப் போடுவார்கள். ஒரு சீட்டு கடவுளுக்கு. அது விழுந்த ஆடு அங்கேயே பலியிடப்படும். மற்றொரு சீட்டு விழுந்த ஆட்டின் தலையில் தலைமைக் குரு இரு கைகளையும் வைத்து, மக்கள் செய்த பாவங்களையெல்லாம் அறிக்கையிட்டு, அவற்றை அதன் மேல் ஏற்றுவார். பிறகு அதை வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவார்கள். ஊரின் பாவம் ஆட்டோடு போய்விடும். ஊர் சுத்தமாகிவிடும்.

இந்த இரண்டாவது ஆட்டுக்கு எபிரேய மூலத்தில் 'அசாசேல்' என்ற சொல் வருகிறது. அது ஒரு பேயின் பெயரா, இடத்தின் பெயரா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். 1530இல் பழைய ஏற்பாட்டின் முதல் ஐந்து நூல்களை ஆங்கிலத்தில் வெளியிட்ட வில்லியம் டிண்டேல், அதை 'போய்விடும் ஆடு' என்று பொருள் கொண்டு ஒரு புதிய சொல்லை உருவாக்கினார். 'எஸ்கேப்' என்பதன் குறுக்கமான 'ஸ்கேப்' என்பதோடு 'கோட்' சேர்ந்து 'ஸ்கேப்கோட்' ஆயிற்று. அதாவது தப்பித்துப் போகிற ஆடு. தமிழ் பைபிளின் பழைய மொழிபெயர்ப்பிலும் இதே வழியில் 'போக்காடு' என்ற அழகான சொல் இருக்கிறது. பலிகடா என்று நாம் சொல்லும்போது உண்மையில் முதல் ஆட்டைத்தான் சொல்கிறோம்!

ஆனால் தப்பித்த ஆடு நெடுநாள் வாழ்ந்தது என்று நினைக்க வேண்டாம். பிற்கால யூத நூலான மிஷ்னாவின் விவரிப்பின்படி, எருசலேமில் இரண்டாம் ஆலயம் இருந்த காலத்தில் அந்த ஆட்டை ஒரு செங்குத்தான பாறையிலிருந்து பின்புறமாகத் தள்ளிவிடுவார்கள். பாவம் திரும்பி நடந்து வந்துவிடக் கூடாதல்லவா?

சொல்லை உண்டாக்கிய டிண்டேலின் முடிவும் சோகமானது. திருச்சபையின் அனுமதியில்லாமல் பைபிளை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது அன்று இங்கிலாந்தில் குற்றம். நாட்டை விட்டு ஓடி ஐரோப்பாவில் தலைமறைவாக வாழ்ந்த அவர், பழகிய ஒருவராலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு, மதத் துரோகி என்று தீர்ப்பளிக்கப்பட்டு, 1536இல் பிரஸ்ஸல்ஸ் அருகே கழுத்து நெரிக்கப்பட்டுப் பின் எரிக்கப்பட்டார். சில ஆண்டுகளுக்குள் அரசரின் அனுமதியோடு இங்கிலாந்தில் வெளியான பைபிளிலும், 1611இல் வந்த புகழ்பெற்ற கிங் ஜேம்ஸ் பைபிளிலும் அவருடைய சொற்களே ஏராளமாக இடம்பெற்றன.

இந்தச் சடங்கில் ஒரு நேர்மை இருந்ததையும் கவனிக்க வேண்டும். ஆடு தப்பு செய்தது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. பாவம் தங்களுடையது என்று எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொண்ட பிறகுதான் அதை ஆட்டின் மேல் ஏற்றினார்கள். இன்று ஒருவரை 'ஸ்கேப்கோட்' ஆக்கும்போது அந்த ஒப்புதலை விட்டுவிடுகிறோம். ஆடுதான் தப்பு செய்தது என்று சாதிக்கிறோம்.

இளவரசனுக்குப் பதில் அடி வாங்கியவன்

ஆட்டுக்கு அடுத்தபடியாக மனிதன். 'விப்பிங் பாய்' என்றால் இன்று, அடுத்தவர் தப்புக்கெல்லாம் வசை வாங்குகிறவன். இதன் பின்னணிக் கதை இது: அரச குடும்பத்துப் பிள்ளை கடவுளால் தேர்ந்தெடுக்கப்பட்டவன், ஆசிரியர் அவன் மேல் கை வைக்க முடியாது, ஆகவே அவனோடு படிக்கும் இன்னொரு சிறுவனை வைத்திருப்பார்கள். இளவரசன் பாடத்தைத் தப்பாகச் சொன்னால் அடி அந்தச் சிறுவனுக்கு விழும்.

இங்கிலாந்து அரசர் ஆறாம் எட்வர்ட் 1547இல் ஒன்பது வயதில் அரியணை ஏறியவர். அவருக்குப் பதிலாக அடி வாங்கியவன் என்று பார்னபி ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற தோழனின் பெயரைச் சொல்வது வழக்கம். ஆனால் எட்வர்ட் காலத்து ஆவணங்களில் இதற்குச் சான்று கிடையாது என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, 1605இல் அச்சான சாமுவேல் ரௌலியின் நாடகம் ஒன்றில்தான் இளவரசன் எட்வர்டுக்காக அடி வாங்கும் சிறுவன் மேடையில் வருகிறான். பின்னர் மார்க் ட்வைன் 1881இல் வெளியான 'இளவரசனும் ஏழையும்' நாவலில் அப்படி ஒரு பாத்திரத்தைப் படைத்தார். கதை உலகெங்கும் பரவிவிட்டது.

நடந்ததோ இல்லையோ, மக்கள் இதைத் தயக்கமின்றி நம்பினார்கள். ஏன்? மேலே இருப்பவன் தப்பு செய்தால் கீழே இருப்பவன் முதுகில் அடி விழும் என்பது அவர்கள் தினமும் கண்ட காட்சி. அதற்கு ஆவணம் எதற்கு?

ரயட் ஆக்ட் வாசித்தல்

இதுவரை பழி சுமந்தவர்களைப் பார்த்தோம். இனி குறை சொல்கிறவர்கள் பக்கம் போவோம்.

ஒருவரை நிற்க வைத்து "இனி இப்படி நடந்தால் தெரியும் சேதி" என்று கண்டிப்பதை ஆங்கிலத்தில் 'ரீட் தி ரயட் ஆக்ட்' என்பார்கள். இது வெறும் உவமை இல்லை. ரயட் ஆக்ட் என்ற கலகத் தடுப்புச் சட்டம் பிரிட்டனில் உண்மையாகவே இருந்தது. அதை உண்மையாகவே வாசித்தார்கள்.

1714இல் ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து வந்த முதலாம் ஜார்ஜ் அரசரானார். ஆங்கிலம் கூடச் சரியாகப் பேசத் தெரியாத அரசரைப் பலருக்குப் பிடிக்கவில்லை. ஊர் ஊராகக் கலவரம். இதை அடக்கக் கொண்டுவந்த சட்டம் 1715 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 12 பேர் அல்லது அதற்கு மேல் சட்டவிரோதமாகக் கூடியிருந்தால், மாஜிஸ்திரேட் அவர்கள் முன் வந்து நின்று, சட்டத்தில் எழுதியிருக்கும் அறிவிப்பை உரத்த குரலில் படிக்க வேண்டும். அதன் பிறகு ஒரு மணி நேரம் அவகாசம். அதற்குப் பின்னும் கலையாமல் நின்றால் மரண தண்டனை வரை கிடைக்கும்! கூட்டத்தைக் கலைக்கும்போது யாராவது இறந்தால் கலைத்தவர்கள் மேல் வழக்கும் கிடையாது.

இதில் ஒரு சுவையான செய்தி. அறிவிப்பை ஓர் எழுத்து மாறாமல் வாசிக்க வேண்டும். கடைசியில் வரும் "கடவுள் அரசரைக் காப்பாராக" என்ற வரியை மாஜிஸ்திரேட் வாசிக்காமல் விட்டதால் ஒரு வழக்கில் தண்டனையே ரத்தானது.

1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரின் செயின்ட் பீட்டர்ஸ் திடலில் வாக்குரிமை கேட்டு ஏறத்தாழ 60,000 பேர் கூடினார்கள். குதிரைப்படை வாளோடு பாய்ந்ததில் பதினைந்து பேருக்குக் குறையாமல் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் காயமடைந்தார்கள். 'பீட்டர்லூ படுகொலை' என்று வரலாற்றில் நிற்கும் நிகழ்ச்சி இது. ரயட் ஆக்ட் வாசிக்கப்பட்டது என்றது அதிகாரிகள் தரப்பு. எங்கள் காதில் எதுவும் விழவில்லை என்றார்கள் அங்கே இருந்தவர்கள். அறுபதாயிரம் பேர் நிற்கும் திடலில் ஒரு மனிதர் வாசித்தது யாருக்குக் கேட்டிருக்கும்?

எச்சரித்துவிட்டுத் தண்டிப்பது என்பது பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்டிப்பவர் "நான் சொல்லிவிட்டேன்" என்று சொல்வதும், கேட்பவர் காதில் அது விழுந்திருப்பதும் ஒன்றல்ல. பீட்டர்லூ இதை ரத்தத்தில் எழுதிக் காட்டியது. அந்தச் சட்டம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டனில் நீக்கப்பட்டுவிட்டது. அதை வாசிக்கும் வேலை மட்டும் இன்று அப்பாக்களிடமும் தலைமை ஆசிரியர்களிடமும் வந்து சேர்ந்திருக்கிறது!

குறை சொல்வதற்கு ஒரு பதவி

குறை சொன்னால் மனம் புண்படும் என்று எல்லாரும் பயந்துகொண்டிருக்க, குறை சொல்வதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்த ஒரு நிறுவனம் உண்டு. அது கத்தோலிக்கத் திருச்சபை.

ஒருவருக்குப் புனிதர் பட்டம் கொடுப்பதற்கு முன் அவருடைய வாழ்க்கையையும், அவர் பெயரால் சொல்லப்படும் அற்புதங்களையும் துருவித் துருவிச் சந்தேகப்பட வேண்டும். இந்த வேலைக்கான பதவியை 1587இல் போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் முறைப்படி ஏற்படுத்தினார். அதிகாரப்பூர்வமான பெயர் 'விசுவாசத்தின் பாதுகாவலர்' என்பது போல கௌரவமானதுதான். மக்கள் வைத்த பெயரோ 'சாத்தானின் வக்கீல்', அதாவது 'டெவில்ஸ் அட்வகேட்'. தனக்கு நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எதிர்த்து வாதாடுவது அவர் கடமை.

1983இல் போப் இரண்டாம் ஜான் பால் இந்த நடைமுறையைப் பெரிதும் மாற்றி, அந்தப் பதவியின் எதிர்வாதப் பொறுப்பைக் குறைத்தார். தம் காலத்தில் அவர் 482 பேருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். 20ஆம் நூற்றாண்டில் அவருக்கு முன்பிருந்த போப்புகள் எல்லாரும் சேர்ந்து வழங்கியதை விட இது பல மடங்கு அதிகம். இந்த உயர்வுக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், எதிர்த்துப் பேசும் நாற்காலியின் கனம் குறைந்ததற்கும் இதில் பங்கு உண்டு என்று கருதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பாதி நல்ல முட்டை

இதற்கு நேர் எதிர்த் துருவம், குறை சொல்லவே முடியாத மனிதன். 1895 நவம்பர் 9 அன்று லண்டனின் 'பஞ்ச்' நகைச்சுவை இதழில் ஜார்ஜ் டு மாரியே வரைந்த கேலிச்சித்திரம் ஒன்று வந்தது. பிஷப் வீட்டில் காலை உணவு. விருந்தாளியாக வந்திருப்பவர் தேவாலயத்தின் கடைநிலை உதவிக் குருவான ஒரு 'க்யூரேட்'. அவருக்கு வைத்த முட்டை அழுகிப்போனது என்பதை பிஷப்பே கவனித்துச் சொல்லிவிடுகிறார். பதறிப்போன உதவிக் குரு, அப்படியெல்லாம் இல்லை, முட்டையின் சில பகுதிகள் மிகப் பிரமாதம் என்று உறுதி கூறுகிறார்!

முட்டையில் பாதி அழுகல், பாதி நல்லது என்று ஏதாவது உண்டா? அதுதான் ஜோக். ஆனால் இன்று 'க்யூரேட்ஸ் எக்' என்றால் நல்லதும் கெட்டதும் கலந்த விஷயம் என்றே பலர் பயன்படுத்துகிறார்கள். பயத்தில் சொன்ன பொய் நாளடைவில் நடுநிலையான விமர்சனமாகிவிட்டது.

உதவிக் குருவின் பயம் வெறும் சிரிப்போடு போய்விடும் விஷயமும் அல்ல. 1961இல் அமெரிக்க வெள்ளை மாளிகையில், பிடல் காஸ்ட்ரோவைக் கவிழ்க்க கியூபாவின் பே ஆஃப் பிக்ஸ் கடற்கரையில் ஆயுதம் தாங்கியவர்களை இறக்கும் திட்டம் பேசப்பட்டது. ஜனாதிபதி கென்னடியின் ஆலோசகரும் வரலாற்றாசிரியருமான ஆர்தர் ஷ்லெசிங்கருக்கு அதில் நம்பிக்கை இல்லை. தனியாகக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். ஆனால் பெரிய அதிகாரிகள் நிறைந்த கூட்டங்களில் வாய் திறக்கவில்லை. பின்னாளில் அந்த மௌனத்துக்காகத் தன்னைத் தானே நொந்துகொண்டு எழுதினார். இர்விங் ஜேனிஸ் என்ற உளவியலாளர் 1972இல் எழுதிய நூலில், கூட்டமாகச் சிந்திப்பதால் வரும் பேரழிவுக்கு இந்த நிகழ்ச்சியையே முக்கிய உதாரணமாகக் காட்டினார். அந்த அறையில் ஒரு சாத்தானின் வக்கீல் இல்லை. எல்லாரும் முட்டையைப் புகழ்ந்துவிட்டார்கள்.

ஈயமும் பித்தளையும்

குறை சொன்னவரை மடக்குவதற்கும் ஒரு சொற்றொடர் வேண்டுமே? 'பாட் காலிங் தி கெட்டில் பிளாக்', அதாவது கெண்டியைப் பார்த்துக் கறுப்பு என்றதாம் பானை. இரண்டும் ஒரே அடுப்பில் கரி பிடித்தவை. 1620இல் தாமஸ் ஷெல்டன் ஆங்கிலத்தில் தந்த 'டான் குவிக்ஸாட்' இரண்டாம் பாகத்தில் இதன் பழைய வடிவம் வருகிறது. அங்கே பானைக்குப் பதிலாக வறுசட்டி கேலி பேசுகிறது.

தமிழில் இதற்கு விளக்கமே தேவையில்லை. "ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை" என்று எந்தப் பாட்டியும் சொல்வார். ஆனால் இந்தப் பதிலில் ஒரு தந்திரம் உண்டு. பானையும் கறுப்பு என்று நிரூபித்துவிட்டால் கெண்டி வெளுத்துவிடுமா? "நீ மட்டும் யோக்கியமா?" என்று கேட்டவுடன் முதல் குற்றச்சாட்டு மறந்துபோகிறது. அரசியல் மேடைகளில் தினமும் நடப்பது இதுதான்.

கை மாறிய பக்

இப்போது சீட்டாட்ட மேசைக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் போக்கர் ஆடுகிறவர்கள், அடுத்து சீட்டுப் போட வேண்டியது யார் என்பதற்கு அடையாளமாக ஒரு பொருளை முன்னால் வைப்பார்கள். அதற்குப் பெயர் 'பக்'. மான் கொம்பில் பிடி போட்ட கத்தியை அப்படி வைத்ததால் இந்தப் பெயர் என்று பரவலாகச் சொல்கிறார்கள். தன் முறை வேண்டாம் என்றால் பக்கை அடுத்தவரிடம் தள்ளிவிடலாம். மார்க் ட்வைன் 1872இல் வெளியிட்ட தன் பயண நூலில் இந்தச் சொற்றொடரைப் பயன்படுத்தியிருக்கிறார். பிறகு அது மேசையிலிருந்து அலுவலகத்துக்குப் போய், பொறுப்பைத் தட்டிக்கழிப்பது என்ற பொருளைப் பெற்றது.

இந்தப் பக்கை நிறுத்தியவர் அமெரிக்க ஜனாதிபதி ஹாரி ட்ரூமன். அவருடைய நண்பரும் மிசௌரி மாநில ஃபெடரல் மார்ஷலுமான ஃப்ரெட் கேன்ஃபில், ஒக்லஹோமாவின் எல் ரீனோ சீர்திருத்தச் சிறைக்குப் போனபோது அங்கே ஒரு மேசைப் பலகையைக் கண்டார். 'தி பக் ஸ்டாப்ஸ் ஹியர்' என்று அதில் எழுதியிருந்தது. அதாவது, பக் இங்கே வந்து நின்றுவிடும், இதற்கு மேல் தள்ள ஆள் இல்லை. அதே போல ஒன்றைச் சிறையிலேயே செய்து தரச் சொன்னார். 1945 அக்டோபரில் அது ட்ரூமனுக்கு வந்து சேர்ந்தது. பொறுப்பேற்பதைப் பற்றிய உலகின் மிகப் புகழ்பெற்ற வாசகம் ஒரு சிறையிலிருந்து வந்தது என்பது விந்தைதான். 1953 ஜனவரியில் பதவி விலகும்போது நாட்டுக்கு ஆற்றிய உரையிலும், ஜனாதிபதியாக இருப்பவர் முடிவை வேறு யாரிடமும் தள்ளிவிட முடியாது என்று ட்ரூமன் சொன்னார்.

பக்கை நிறுத்தியவருக்கு மக்கள் மாலை போட்டார்களா? கொரியப் போர் இழுத்துக்கொண்டிருந்த 1952இல் கேலப் கருத்துக்கணிப்பில் ட்ரூமனுக்கு ஆதரவு 22 சதவிகிதமாகச் சரிந்தது. கென்னடிக்கு நேர்ந்ததோ தலைகீழ். பே ஆஃப் பிக்ஸ் தாக்குதல் 1961 ஏப்ரல் 17 அன்று தொடங்கி மூன்றே நாளில் தோற்றது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்; ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறைபட்டார்கள். ஏப்ரல் 21 அன்று நிருபர்கள் முன் கென்னடி, வெற்றிக்கு நூறு தகப்பன்மார், தோல்வி அநாதை என்ற முதுமொழியைச் சொல்லிவிட்டு, அரசின் பொறுப்பாளர் தானே என்றார். அடுத்த கேலப் கணிப்பில் அவருக்கு ஆதரவு 83 சதவிகிதம்! ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. அந்த ஆண்டு முடிவதற்குள் சி.ஐ.ஏ. தலைவர் ஆலன் டல்லஸ் பதவியை விட்டுப் போக வேண்டியிருந்தது. பக் மேசையில் நின்றது. ஆடு வேறு வழியாக வனாந்தரத்துக்குப் போனது.

அரியலூர், 1956

பலகை எதுவும் இல்லாமலே பக்கை நிறுத்திய ஒருவரின் கதை தமிழ் மண்ணோடு தொடர்புடையது. 1956 நவம்பர் 23 அதிகாலை, பலத்த மழை. சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற எக்ஸ்பிரஸ் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் விபத்துக்குள்ளானது. வெள்ளம் அரித்திருந்த பாலத்தில் ரயில் பெட்டிகள் ஆற்றில் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகள் இறந்துபோனார்கள்.

ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. அதே ஆண்டில் சில மாதங்களுக்கு முன் மகபூப்நகரில் நடந்த விபத்தின்போதே ராஜினாமா கடிதம் கொடுத்தவர் அவர். பிரதமர் நேரு அப்போது ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மீண்டும் கொடுத்தார். இம்முறை நேரு ஏற்றுக்கொண்டார். விபத்துக்கு சாஸ்திரி காரணம் என்பதால் ஏற்கவில்லை, அரசமைப்பு மரபுக்கு ஒரு முன்னுதாரணமாக இருக்கட்டும் என்பதற்காகவே ஏற்பதாக நேரு விளக்கினார்.

சாஸ்திரி பாலம் கட்டவில்லை, ரயில் ஓட்டவில்லை. சிக்னல்காரரையோ எஞ்சின் டிரைவரையோ காட்டிவிட்டு அவர் நாற்காலியிலேயே இருந்திருக்க முடியும். "தார்மீகப் பொறுப்பேற்று ராஜினாமா" என்று பத்திரிகைகள் எழுதும்போதெல்லாம் இன்றும் அவர் பெயர்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அந்த ராஜினாமா இறந்தவர்களைத் திருப்பித் தரவில்லை. விபத்துகளும் அதோடு நின்றுவிடவில்லை. பழியேற்பது வேறு, பாலத்தைச் சரிசெய்வது வேறு. ஆனால் பழியை யாருமே ஏற்காத இடத்தில் பாலத்தைச் சரிசெய்யச் சொல்லி யாரிடம் போய்க் கேட்பது?

ஆளே இல்லாத வாக்கியம்

பழியைச் சுமக்க ஆட்டைத் தேடினார்கள், சிறுவனைத் தேடினார்கள், அடுத்த ஆட்டக்காரரைத் தேடினார்கள். கடைசியில் இவை எதுவுமே தேவைப்படாத ஒரு வழி கிடைத்தது. அது இலக்கணம்!

'மிஸ்டேக்ஸ் வேர் மேட்', அதாவது தவறுகள் செய்யப்பட்டன. யாரால்? வாக்கியத்தில் பதில் இல்லை. 1876 டிசம்பரில் ஜனாதிபதி கிராண்ட், ஊழல் புகார்கள் சூழ்ந்த தன் ஆட்சியின் முடிவில் காங்கிரஸுக்கு அனுப்பிய செய்தியில் ஏறக்குறைய இதே சொற்கள் வருகின்றன. ஆனால் அவர் அதை ஒப்புக்கொள்வதாக 'நான்' என்ற சொல்லையும் கூடவே வைத்தார். வாட்டர்கேட் விவகாரத்தில் வாஷிங்டன் போஸ்ட் நிருபர்களைத் தாக்கிப் பேசிவந்த வெள்ளை மாளிகைச் செய்தித் தொடர்பாளர் ரான் சீக்லர், 1973 மே 1 அன்று அவர்களிடம் மன்னிப்புக் கேட்டபோதும் இந்த வாக்கியத்தையே பயன்படுத்தினார்.

1987 ஜனவரி 27 அன்று ஜனாதிபதி ரீகன், ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரம் பற்றி நாடாளுமன்ற உரையில் பேசும்போதும் இதையே சொன்னார். மக்கள் சமாதானம் ஆகவில்லை. விசாரணைக் குழு அறிக்கை வந்த பின் மார்ச் 4 அன்று தொலைக்காட்சியில் தோன்றி, தன் செயல்களுக்கும் தன் நிர்வாகத்தின் செயல்களுக்கும் முழுப் பொறுப்பு தனதே என்றார். ஐந்து வாரத்தில் மாறியது முக்கியமாக வாக்கியத்தின் எழுவாய்தான்.

வில்லியம் ஷ்னைடர் என்ற அரசியல் ஆய்வாளர் இந்த வாக்கிய வகைக்கு இலக்கணப் பெயர் போலவே ஒரு கேலிப்பெயர் வைத்தார். தமிழில் அதை 'குற்றம் நீக்கும் இறந்தகாலம்' எனலாம்.

தமிழ் பேசுகிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது. நமக்குச் செயப்பாட்டு வினை கூடத் தேவையில்லை. பள்ளியில் படித்த தன்வினை, பிறவினை போதும். "டம்ளர் உடைந்துவிட்டது" என்று எந்தக் குழந்தையும் சொல்லும். டம்ளர் தானாக உடைந்ததாம்! "உடைத்துவிட்டேன்" என்று சொல்வதற்கு ஒரே ஒரு மெய்யெழுத்துதான் மாற வேண்டும். 'ந்' போய் 'த்' வந்தால் வாக்கியத்துக்குள் ஒரு ஆள் வந்துவிடுவார். "கோப்பு தொலைந்துவிட்டது", "தேதி தவறிவிட்டது", "தவறு நேர்ந்துவிட்டது". அறிக்கைகளில் வரும் இந்த வரிகளில் அந்த ஆளைத் தேடிப் பாருங்கள்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆட்டின் தலையில் கை வைத்த குருவுக்காவது, யாருடைய பாவம் என்று உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. 1945இல் வந்த அந்தச் சின்னப் பலகை, அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பொறுப்பும் என்றது. இன்றைய அறிக்கைகளில் ஆடும் இல்லை, பலகையும் இல்லை. தவறு மட்டும் தானாக நடந்துவிட்டுப் போகிறது.

இலக்கணப் புத்தகத்தில் தன்வினைக்கும் பிறவினைக்கும் கொடுக்கும் வழக்கமான உதாரணம் 'திருந்தினான் – திருத்தினான்'. குறை சொல்வதன் நோக்கமும் அதைக் கேட்பதன் பயனும் இந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றன. திருத்துவதற்கு இன்னொருவர் வரலாம். ஆனால் திருந்துவதற்கு முதலில் "நான்தான்" என்று ஒருவர் சொல்லியாக வேண்டும். அடுத்த முறை ஏதாவது ஒரு விபத்துக்குப் பிறகு அறிக்கை வெளியானால், அதில் 'ந்' இருக்கிறதா 'த்' இருக்கிறதா என்று பாருங்கள். பழி எங்கே நிற்கிறது என்பது அந்த ஓர் எழுத்தில் தெரிந்துவிடும்.